எதிர்வரிசையிலிருந்து வந்த வாக்கு

2022 ஜூன் மாதம் ஹூஸ்டனில் டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு நடந்தது. அம்மாநிலத்தின் செனட்டர் ஜான் கார்னின் மேடையேறிப் பேசத் தொடங்கியது முதல் முடிக்கும்வரை, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். யுவால்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கொலைகளுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிச் செனட்டர் கிறிஸ் மர்ஃபியோடு உட்கார்ந்து ஒரு துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசியதுதான் கார்னின் செய்த குற்றம். 21 வயது நிரம்பாதவர்கள் துப்பாக்கி வாங்க வந்தால் அவர்களுடைய பின்னணியைக் கூடுதலாக விசாரிக்க வேண்டும், மனநலச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பன போன்ற அளவான ஏற்பாடுகளே அதில் இருந்தன. மறுபுறத்திலும் சிலர் கோபப்பட்டார்கள். தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்யாத சட்டம் வெறும் கண்துடைப்பு என்றார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு சாலை, பாலம், குடிநீர்க் குழாய்களுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் 13 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவரான மிச்சிகன் மாநிலத்து ஃப்ரெட் அப்டனுக்குத் தொலைபேசியில் கொலை மிரட்டல் வந்தது. பாலம் கட்ட வாக்களித்ததற்கு!

அமெரிக்க அரசியலைக் கவனிப்பவர்களிடையே இன்று ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. மாற்றுக் கட்சிக்காரரோடு கை கோப்பவர் கொள்கையை அடகு வைத்தவர். எதிர்த் தரப்பு மசோதாவுக்குக் கை தூக்குபவர் துரோகி. அவர்கள் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை, நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? இதை வலதுசாரிகளும் சொல்கிறார்கள், இடதுசாரிகளும் சொல்கிறார்கள். அங்கு வாழும் தமிழர்களும், இங்கிருந்து அந்நாட்டுச் செய்திகளை ஆர்வத்தோடு பின்தொடரும் நம் இளைஞர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இந்த எண்ணம் வரலாற்றுக்கு முரணானது, நடைமுறையில் ஏழை எளியவர்களுக்குக் கேடு செய்வது என்று நான் கருதுகிறேன்.

1964க்குப் போவோம். கறுப்பின மக்களுக்கு உணவகத்திலும் விடுதியிலும் திரையரங்கிலும் வேலைவாய்ப்பிலும் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் நின்றுகொண்டிருந்தது. தென்மாநிலச் செனட்டர்கள் முறைவைத்துப் பேசிப் பேசியே மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் தடுத்தார்கள். அந்தப் பேச்சை நிறுத்த அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்குகள் வேண்டும். அதிபர் ஜான்சனின் ஜனநாயகக் கட்சிக்குச் செனட்டில் இருந்த இடங்களும் சரியாக 67. கட்சிக் கணக்கு மட்டும் போதுமென்றால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கறுப்பினத்தவருக்கு உரிமை தரவே கூடாதென்று வழிமறித்து நின்றவர்களில் பெரும்பாலோர் அதே ஜனநாயகக் கட்சியின் தென்மாநிலத்தவர்கள்தான்.

ஆகவே மசோதாவைச் செனட்டில் வழிநடத்திய ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சித் தலைவரான இல்லினாய் செனட்டர் எவரெட் டர்க்சனின் அறைக் கதவைத் தட்டினார். ஹம்ஃப்ரி தாராளவாதிகளின் நாயகன். டர்க்சன் பழைமைவாதி. தனியார் கடைக்காரர் யாருக்கு உணவு தர வேண்டுமென்று அரசு சொல்லலாமா என்ற தயக்கம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. மாநிலங்களில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளுக்குப் புகார்களை விசாரிக்க முதல் வாய்ப்புத் தர வேண்டும், பாகுபாடு ஒரு வழக்கமாகவே நடக்கும் இடங்களில் மட்டும் மத்திய அரசு வழக்குத் தொடரலாம் என்பன போன்ற திருத்தங்களை டர்க்சன் கேட்டார். கிடைத்தன. மசோதாவின் பல் சற்று மழுங்கியது என்று உரிமை இயக்கத்தவர் சிலர் வருந்தினார்கள். அவர்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது.

ஜூன் 10. மசோதாவை எதிர்த்த செனட்டர் ராபர்ட் பேர்ட் இரவு முழுக்கப் பேசினார். 14 மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்தப் பேச்சு காலையில்தான் முடிந்தது. பிறகு ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேசும் திறனை இழந்திருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் அவைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயர் அழைக்கப்பட்டபோது வாய் திறக்க முடியாமல் கையைத் தன் கண்ணருகே மெல்ல உயர்த்திக் காட்டினார். ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு வாரங்களில் அவர் இறந்துபோனார். முடிவு: 71 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு. அந்த 71இல் ஜனநாயகக் கட்சியினர் 44 பேர். குடியரசுக் கட்சியினர் 27 பேர்.

அந்த 27ஐக் கழித்துப் பாருங்கள். மசோதா செத்திருக்கும். பர்மிங்காம் தெருக்களில் நாய்க்கடியும் நீர்ப்பீரங்கி அடியும் பட்டவர்களின் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் அவைக்கே வந்திருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தெருவின் நியாயம் சட்டமாக மாற அவையில் தலை எண்ணித்தான் ஆக வேண்டும். சொந்தக் கட்சியில் 23 தலைகள் குறைந்தபோது ஹம்ஃப்ரி எங்கே போயிருக்க வேண்டும்? பிரதிநிதிகள் சபையில் இதே வேலையைச் செய்த குடியரசுக் கட்சியின் வில்லியம் மெக்கல்லக் ஒஹாயோவில் பிக்வா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் தொகுதியில் கறுப்பின வாக்காளர்கள் மிகக் குறைவு. அந்த மசோதாவால் அவருக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. அப்படிப்பட்டவரை, கட்சி வேறு என்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கலாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அது அந்தக் காலம், அன்று இரு கட்சிகளிலும் கலப்பு இருந்தது, இன்று கட்சிகள் முற்றிலும் பிரிந்துவிட்டன என்று பதில் வரும். பிரிந்தது உண்மைதான். பிரிந்த பிறகு நடந்ததையே பார்ப்போம்.

2003இல் ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சுமார் மூன்று கோடிப் பேர். மருந்து கிடைத்தவர்கள் ஐம்பதாயிரம் பேர் மட்டுமே என்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஜனவரி மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் தரலாம் என்றார். மார்ச்சில் அதே புஷ் இராக் மீது படையெடுத்தார். அந்தப் போரை நான் இன்றும் ஒரு பெருங்குற்றமாகவே பார்க்கிறேன். 2001 செப்டம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து, புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் தரக் கூடாதென்று வாக்களித்த ஒரே உறுப்பினர் கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிக்காரர் பார்பரா லீ. கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் செல்லாதபடி 1976இல் தடை கொண்டுவந்து, ஏழைப் பெண்களின் வாழ்வில் பெரும் சுமையை ஏற்றியவர் குடியரசுக் கட்சியின் ஹென்றி ஹைட். அந்தத் தடையை நீக்கப் பிற்காலத்தில் மசோதா கொண்டுவந்தவரும் இதே பார்பரா லீதான். இந்த இருவரும் சேர்ந்து எய்ட்ஸ் நிவாரண மசோதாவை முன்மொழிந்தார்கள். அது 375–41 என்று சபையில் நிறைவேறியது. மே மாத இறுதியில் புஷ் கையெழுத்திட்டார்.

இதற்கும் விலை இருந்தது. தடுப்புப் பணிக்கான நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம்வரை உடலுறவைத் தவிர்க்கச் சொல்லும் பிரசாரத்துக்குச் செலவிட வேண்டுமென்று பழைமைவாதிகள் நுழைத்தார்கள். மருத்துவத்துக்குப் பொருந்தாத நிபந்தனை அது. பார்பரா லீக்கு அது பிடித்திருக்காது. இருந்தும் அதற்காக அவர் மசோதாவைத் தூக்கி எறியவில்லை. 2008இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது அந்த நிபந்தனை தளர்ந்தது. பிழையான ஷரத்தை ஐந்தாண்டு கழித்துத் திருத்த முடிந்தது. அந்த ஐந்தாண்டில் மருந்தில்லாமல் இறந்திருக்கக்கூடியவர்களை எதைக் கொண்டு மீட்டிருப்பார்கள்? இரண்டரைக் கோடி உயிர்களை அத்திட்டம் காத்ததாக அமெரிக்க அரசின் மதிப்பீடு சொல்கிறது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை முடக்கும் உத்தரவு வந்தபோது ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் ஏற்பட்ட தவிப்பே அந்தத் திட்டத்தின் கனத்தைக் காட்டியது.

புஷ்ஷோடு சேர்ந்து நின்றால் போருக்கு நற்சான்று கொடுத்ததாகாதா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பார்பரா லீ போரை ஒருநாளும் ஆதரிக்கவில்லை. போர் மசோதாவுக்கு ‘இல்லை’ என்ற அதே நாக்கு மருந்து மசோதாவுக்கு ‘ஆம்’ என்றது. இதில் முரண் எங்கே இருக்கிறது?

சமரசம் என்றால் சரணாகதி என்ற எண்ணத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 2018 மே மாதம் சிறைச் சீர்திருத்த மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. அதில் தண்டனைக் காலத்தைக் குறைக்கும் பகுதி இல்லை. சிவில் உரிமைப் போராட்ட வீரர் ஜான் லூயிஸ் அதை எதிர்த்தார். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் கோரி புக்கரும் டிக் டர்பினும் இது போதாது என்று நின்றார்கள். டர்பின், குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லி, மைக் லீ ஆகியோர் மாதக்கணக்கில் பேரம் பேசினார்கள். தண்டனைக் குறைப்பு உள்ளே வந்தது. டிசம்பரில் செனட்டில் 87–12 என்று நிறைவேறியது, கையெழுத்திட்டவர் டிரம்ப். ‘டிரம்புக்கு வெற்றி தேடித் தருகிறீர்கள்’ என்ற குரலுக்குப் புக்கர் பணிந்திருந்தால், கிராக் கொக்கெய்ன் வழக்குகளில் நியாயமற்ற நெடுந்தண்டனை அனுபவித்த ஆயிரக்கணக்கானோருக்குத் தண்டனை குறைந்திருக்காது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். மே மாதத்தில் மறுத்ததும் டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை.

எதிர்வாதத்தின் வலுவான ஆயுதம் 1877. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1876 அதிபர் தேர்தல் சிக்கலில் முடிந்தது. இரு கட்சித் தரகர்களும் வாஷிங்டனில் வொர்ம்லி என்ற விடுதியில் கூடினார்கள். குடியரசுக் கட்சியின் ஹேஸ் அதிபராகலாம். பதிலுக்குத் தென்மாநில அரசுகளைக் காத்துநிற்கும் மத்தியப் படைகள் விலக வேண்டும். அப்படியே நடந்தது. அடிமைத்தளையிலிருந்து மீண்டு பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த மக்கள் வெள்ளை இனவாதிகளின் கையில் விடப்பட்டார்கள். அவர்களுடைய வாக்குரிமை மெய்யாகத் திரும்ப 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வொர்ம்லி கறுப்பினத்தவர். அவருடைய கூரையின் கீழேதான் அவருடைய மக்களை விலைபேசினார்கள். பேச்சில் கறுப்பின மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

1877 கேவலமானது. அதனால் 1964உம் கேவலமானது என்று ஆகிவிடாது. இரண்டிலும் இரு கட்சிகள் கை குலுக்கின. ஆனால் ஒன்றில் விலை கொடுத்தவர்கள் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மற்றதில் அவர்களுடைய தலைவர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் கவனித்து, எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002 அக்டோபரில் இராக் போருக்கு அதிகாரம் தந்த தீர்மானம்கூட இரு கட்சி வாக்குகளோடுதான், செனட்டில் 77–23 என்று, நிறைவேறியது. இரு கட்சிகள் சேர்ந்ததாலேயே ஒரு காரியம் புனிதமாகிவிடும் என்று சொல்லும் நடுநிலைவாதிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. யார் விலை கொடுக்கிறார்கள், அவர்களுக்குப் பேச்சில் இடமிருந்ததா, தவறான பகுதியைப் பின்னால் திருத்த வழியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேட்காமலே ‘துரோகம்’ என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

இந்தக் கேள்விகளை நம்மவர்களோடு நேரடித் தொடர்புள்ள ஒரு சட்டத்திடம் கேட்டுப் பார்க்கலாம். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவடைத்தது. 1946இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடங்களும் குடியுரிமை பெறும் உரிமையும் கிடைத்தன. அதைக் கொண்டுவந்தவர்கள் ரூஸ்வெல்ட்டைக் கடுமையாக எதிர்த்த குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும், ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளரான புரூக்ளின் இமானுவேல் செல்லரும். அதே செல்லர்தான் 1965இல் தேசவாரி ஒதுக்கீட்டையே ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர் மைக்கேல் ஃபீகன் குறுக்கே நின்றார். செல்லரின் கட்சிக்காரரே ஆனாலும் இந்த விஷயத்தில் எதிர்முனை. தொழில்திறனுக்கு முதலிடம் தருவது அரசின் திட்டம். குடும்ப உறவுக்கு முதலிடம் தந்தால்தான் விடுவேன் என்றார் ஃபீகன். ஏற்கெனவே அங்கிருப்பவர்களின் உறவினர்களே வருவார்கள், ஆகவே நாட்டின் வெள்ளை நிறம் மாறாது என்பது அந்தத் தரப்பின் கணக்கு. செல்லர் தரப்பு ஒப்புக்கொண்டது. முன்னுரிமைப் பட்டியலில் 74 விழுக்காடு உறவினர்களுக்குப் போயிற்று.

ஃபீகனின் கணக்கு பொய்த்தது. தொழில்திறனுக்கென்று மிஞ்சிய 20 விழுக்காட்டுக்குள் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசியாவிலிருந்து போனார்கள். குடியுரிமை பெற்றதும் தம்பியை, அக்காவை, அவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முதலில் போன மருத்துவர் ஒருவரைப் பற்றிக்கொண்டு நியூ ஜெர்சியில் குடும்பமே வேர்விட முடிந்தது, எதிர்த் தரப்பு வற்புறுத்திச் சேர்த்த அந்தப் பிரிவினால்தான்.

விலை? அதுவும் இருந்தது. மேற்கு அரைக்கோள நாடுகளிலிருந்து வருவோருக்கு முதன்முறையாக ஆண்டுக்கு 1,20,000 என்ற உச்சவரம்பு விதிக்க வேண்டுமென்று வட கரோலினாவின் சாம் எர்வின் போன்றோர் கேட்டார்கள். தந்தார்கள். தலைமுறைகளாக எல்லை தாண்டி வயல் வேலைக்கு வந்துபோன மெக்சிகோக்காரர்கள் மெல்ல மெல்லச் சட்டவிரோதமானவர்கள் ஆனார்கள். அவர்கள் சார்பில் பேச அங்கு வலுவான குரல் இல்லை. நமக்குக் கிடைத்த வாசலுக்கான விலையில் ஒரு பகுதியை அவர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்குள்ள தமிழர் இதை மறக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. அதற்காக, அந்தச் சட்டம் தோற்று 1924இன் கதவு இன்னும் பல்லாண்டு அடைந்தே கிடந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சட்டங்களை விட்டு ஆட்களுக்கு வருகிறேன். 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு டிரம்ப் மீது குற்றம்சாட்டப் பிரதிநிதிகள் சபையில் 10 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள். அடுத்த சபைக்குத் திரும்பியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிடும் முதற்கட்டத் தேர்தல் முறை உள்ள வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலத்தவர்கள். மற்ற பெரும்பாலான மாநிலங்களில் வேட்பாளரை முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கட்சியின் தீவிரமான தொண்டர்கள். தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டை. எனவே உறுப்பினர் அஞ்சுவது பொதுத் தேர்தலுக்கு அல்ல, இந்த உட்கட்சித் தேர்தலுக்குத்தான்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மிச்சிகனின் பீட்டர் மேயர். சபைக்கு வந்து சில நாட்களே ஆன இளைஞர். மனசாட்சிப்படி வாக்களித்தார். 2022 ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக டிரம்ப் ஆதரவாளர் ஒருவர் நின்றபோது, ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு நான்கு இலட்சம் டாலருக்கும் மேல் செலவிட்டு அந்த டிரம்ப் ஆதரவாளரைத் தூக்கிப் பிடிக்கும் விளம்பரங்களை ஒளிபரப்பியது. தீவிரவாதி வென்றால் நவம்பரில் தோற்கடிப்பது எளிது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலித்தது, மேயர் தோற்றார், நவம்பரில் இடம் ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டியவர்களும் உண்டு. எனக்கு இது வெட்கக்கேடாகவே படுகிறது. ஜனநாயகத்தைக் காப்பாற்றத் துணிந்த எதிர்க்கட்சிக்காரரின் காலை, ஜனநாயகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டதாகச் சொல்லும் கட்சியே வாரிவிட்டது. அடுத்த முறை இப்படியொரு வாக்கெடுப்பு வரும்போது, தயங்கி நிற்கும் குடியரசுக் கட்சி உறுப்பினர் மேயரை நினைத்துப் பார்க்க மாட்டாரா?

அலாஸ்காவில் நேரெதிராக நடந்தது. லிசா மர்கௌஸ்கி செனட் விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று வாக்களித்தவர். 2017 ஜூலையில் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைச் சிதைக்க வந்த மசோதாவை 49–51 என்று வீழ்த்திய மூன்று குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் சூசன் காலின்ஸ், ஜான் மெக்கெய்ன். 2022இல் அலாஸ்காவின் விருப்ப வரிசை முறைப்படி ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் பலர் தங்கள் இரண்டாம் வாக்கை அவருக்குத் தந்தார்கள். அவர் வென்றார்.

‘வென்றவர் என்ன செய்தார்? 2025 ஜூலையில் ஏழைகளின் மருத்துவ உதவியை வெட்டும் டிரம்பின் வரி மசோதாவுக்கு வாக்களித்தாரே’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வாக்கு தவறு. அவர் மறுத்திருந்தால் மசோதா விழுந்திருக்கும். ஆனால் அவருக்குப் பதிலாக வந்திருக்கக்கூடிய டிரம்ப் ஆதரவாளரும் அந்த மசோதாவுக்கு வாக்களித்திருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே வாக்களித்திருப்பார். எதிர்த் தரப்பிலிருந்து ஒருவரை ஆதரிப்பவர் அவரைத் தத்தெடுத்துக்கொள்வதில்லை. செய்த நல்லதற்கு ஆதரவும் செய்த தவறுக்குக் கண்டனமும் ஒரே ஆளுக்கு, ஒரே ஆண்டில்கூடத் தரலாம்.

2024இல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ், குடியரசுக் கட்சியின் லிஸ் செய்னியை அழைத்துக்கொண்டு விஸ்கான்சினில் பிரசாரம் செய்து தோற்றதையும் இதற்கு எதிரான சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த மேடையில் எந்தச் சட்டமும் பேரம் பேசப்படவில்லை. இரு தரப்பு வாக்காளருக்கும் சொல்லத்தக்க ஒரு திட்டம்கூட அதிலிருந்து பிறக்கவில்லை. இரு பிரமுகர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வேறு, ஹம்ஃப்ரியும் டர்க்சனும் வரிவரியாக மசோதாவை எழுதியது வேறு. முன்னது தோற்றதை வைத்துப் பின்னதைத் தள்ளிவிட முடியாது.

மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வர்ஜீனியா மாநிலங்களில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் பதிவுசெய்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அங்கெல்லாம் தமிழர்கள் வாழ்கிறார்கள். நீங்கள் விரும்பிய ஒரு சட்டத்துக்காகத் தன் கட்சியின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்ட மாற்றுக் கட்சி உறுப்பினர் உங்கள் தொகுதியில் இருந்தால், நவம்பருக்குக் காத்திராமல் அவருடைய உட்கட்சித் தேர்தல் நாளன்று வரிசையில் போய் நில்லுங்கள். நவம்பரில் அவருக்கு எதிராக வாக்களிக்கும் உரிமை அப்போதும் உங்களிடமே இருக்கும்.